கித்தார் வேகப் பயிற்சி

கித்தார் வேகப் பயிற்சி என்பது, சுரங்களின் தெளிவும் தாளமும் கெடாமல் கித்தாரை விரைவாக வாசிக்கும் திறனை நாள்தோறும் செய்யும் சாதகத்தின் மூலம் படிப்படியாகப் பெறும் முறையாகும். வேகம் தசை வலிமையால் வருவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது இரு கைகளும் ஒரே கணத்தில் இயங்குவதையும், தேவையற்ற அசைவுகள் குறைவதையுமே பெரிதும் பொறுத்தது. இடக்கை விரல் மெட்டில் பதியும் முன்னரே வலக்கை தந்தியை மீட்டிவிட்டால் ஒலி அடைபட்டுப்போகும். மெதுவாக வாசிக்கையில் காதுக்கு எட்டாத இச்சிறு பிழை, வேகம் கூடும்போது ஒவ்வொரு சுரத்திலும் வெளிப்படும்.

தமிழகத்தில் வேகப் பயிற்சி

கித்தார் மேலைநாட்டுக் கருவியாயினும், அதற்குரிய பயிற்சி முறை தமிழகத்திற்குப் புதியதன்று. கருநாடக இசையில் புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் சரளி வரிசையும் சண்ட வரிசையும் மூன்று காலங்களில் பாடப்படுகின்றன. தாளத்தின் நடை மாறுவதில்லை. ஓர் அட்சரத்திற்கு முதற் காலத்தில் ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு என சுரங்களே இரட்டிக்கின்றன. பரதநாட்டிய அடவுகளுக்கும் இதே முறை உண்டு. மாமல்லபுரம் நாட்டிய விழாவில் தெளிவாகக் கேட்கும் விரைவான காலடிகளுக்குப் பின்னால், முதற் காலத்தில் பல மாதங்கள் தட்டிய தட்டடவு இருக்கிறது.

மாமல்லபுரத்துத் தர்மராச இரதத்தில் வீணை ஏந்திய சிவனின் சிற்பம் உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள கி.பி. 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, நான்கு நான்கு சுரங்களாகத் தொகுக்கப்பட்டு, மாணவர் நலனுக்காகச் செய்யப்பட்டதாக முடிகிறது. இதனை முதலாம் மகேந்திரவர்மனுடன் தொடர்புபடுத்துவதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆயினும், நந்நான்காகச் சுரங்களை அடுக்கிப் பயிலும் இன்றைய கித்தார் மாணவருக்கு அதன் வடிவம் அந்நியமாகத் தோன்றாது.

மெட்ரோனோமும் காலமும்

மேலை முறையில் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவி பயன்படுகிறது. மெல்சல் 1815இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்திற்கு 60 தட்டு வைத்து ஒரு தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் நொடிக்கு 4 சுரங்கள்; 120 தட்டில் 8 சுரங்கள். மாணவர் பிழையின்றி வாசிக்கக்கூடிய நடையில் தொடங்கி, ஒரு பாடத்தைத் தொடர்ந்து சில முறை தெளிவாக வாசித்த பின்னரே 2 அல்லது 4 தட்டுகள் கூட்டுவது வழக்கம். தடுமாறினால் பழைய நடைக்கே திரும்ப வேண்டும். பிழையுடன் பலமுறை வாசித்தால் விரல்கள் அப்பிழையையே கற்றுக்கொள்ளும். பின்னர் அதனை மறக்கச் செய்வது புதிதாகக் கற்பதினும் கடினம்.

இவ்விரு முறைகளுக்கும் முக்கிய வேறுபாடு ஒன்றுண்டு. மெட்ரோனோம் சிறுகச் சிறுக ஏறுகிறது. காலப் பயிற்சி ஒரே தாவலில் இரட்டிக்கிறது. முன்னது விரலுக்கு எளிது. ஆனால் தாளத்தை உள்ளுக்குள் நிறுத்தும் பழக்கத்தைப் பின்னதே தருகிறது. மெட்ரோனோமை மட்டும் நம்பியவர், அது நின்றதும் தாமறியாமலே ஓடத் தொடங்குவதுண்டு. மெட்ரோனோமை 50இல் நிறுத்தி, ஒரே வரிசையை மூன்று காலத்திலும் வாசித்தால் இரண்டின் பயனும் கிட்டும்.

கித்தாரில் கருநாடக இசை வாசிப்பவருக்கு வேறொரு சிக்கலும் உள்ளது. சுகுமார் பிரசாத், இராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கித்தாரில் இவ்விசையை வாசித்துப் புகழ்பெற்றனர். மாண்டலின் யு. சீனிவாசு (1969 - 2014) மின் மாண்டலினில் காட்டிய வேகம் பலருக்கு முன்மாதிரியானது. ஆனால் கமகங்கள் தந்தியை இழுத்தும் விரலை வழுக்கியும் பிறப்பவை. அவற்றுக்குரிய நேரத்தைக் கொடுக்காவிட்டால் இராகம் வெறும் சுர வரிசையாகிவிடும்.

ஓய்வும் காயமும்

வாரத்தில் ஒரு நாள் மூன்று மணிநேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் அரைமணி நேரம் வாசிப்பது பயன் தரும். 2002இல் வாக்கர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்களின் வேகம் ஓர் இரவு உறக்கத்திற்குப் பின் ஏறத்தாழ 20% கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தபோது அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. சோதிக்கப்பட்டது விசைப்பலகைத் தட்டலே, கித்தார் வாசிப்பன்று. எனினும் ஆசிரியர்கள் "நாளைக்குப் பார்ப்போம்" என்று பாடத்தை நிறுத்துவதற்கு இது ஒரு காரணம் சொல்கிறது.

மணிக்கட்டில் வலி, விரல் மரத்தல் ஆகியன தோன்றினால் வாசிப்பை உடனே நிறுத்த வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமன்று. தசைநாண் அழற்சி பல வாரங்கள் கருவியைத் தொடவிடாது. செருமானிய இசையமைப்பாளர் இராபர்ட் சூமான் 1830களின் தொடக்கத்தில் வலக்கை விரல் செயல்குன்றிப் பியானோக் கலைஞராகும் எண்ணத்தையே கைவிட்டார். அதன் காரணம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. விரலுக்குப் பயிற்சியளிக்க அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தியதும் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

கருவியின் நிலை

தந்தி மெட்டிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் எவ்வளவு பயின்றாலும் வேகம் வராது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் போன்ற செங்கல்பட்டு மாவட்டக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் எஃகுத் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியில் விரல் வழுக்காது, நுனித்தோலும் கிழியும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்புறம் வரை துடைத்து, கருவியைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வைப்பது நன்று.