அரியர்: தேர்வு திரும்ப வரும், வகுப்பு வராது

இளநிலைப் பட்டப்படிப்பில் ஒரு தாளில் தோற்றவர் அதை எப்போது, எத்தனை ஆண்டுகளுக்குள், எந்தப் பாடத்திட்டத்தின்படி மறுபடி எழுதலாம் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிமுறைகளில் வகுத்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி நிலுவையில் நிற்கும் தாளுக்கு அரியர் என்று பெயர். வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டாவிலிருந்து காலையில் பஸ் ஏறிக் குடியாத்தம் திருமகள் மில்ஸ் கல்லூரிக்கோ, வேலூர் ஊரீசு கல்லூரிக்கோ, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரிக்கோ போகிறவர்களுக்குப் பட்டம் தருவது சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது இது. காட்பாடி ஆக்சிலியம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்திக்கொள்கின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

மாணவர்கள் அதிகம் குழம்புவது தேர்ச்சிக் கணக்கில்தான். ஒரு தாளுக்கு மொத்தம் 100 மதிப்பெண். கல்லூரி போடும் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்பது கலை, அறிவியல் படிப்புகளில் பரவலாக உள்ள பிரிவினை. தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: பல்கலைக்கழகத் தேர்வில் 40 சதவீதம், அதாவது 75க்கு 30 எடுக்க வேண்டும்; இரண்டையும் கூட்டினால் 40 வர வேண்டும். இன்டர்னலில் 25க்கு 25 வாங்கிய பெண் பல்கலைக்கழகத் தேர்வில் 29 எடுத்தால், கூட்டுத்தொகை 54 ஆனாலும் தோல்விதான். இன்டர்னலில் 5 மட்டும் வாங்கியவருக்கு 30 போதாது, 35 வேண்டும். இன்டர்னலுக்குத் தனியாகத் தேர்ச்சி வரம்பு இல்லை என்பதால் முதல் ஆண்டில் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அரியர் எழுதும்போதும் அதே பழைய இன்டர்னல்தான் கூட்டப்படும். முதல் செமஸ்டரில் அலட்சியமாக விட்ட ஒரு அசைன்மென்டின் குறை மூன்று ஆண்டு கழித்து எழுதும் முயற்சி வரைக்கும் கூடவே வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பழைய விதிமுறைகளில் இதற்கு ஒரு நிவாரணம் இருந்தது: சில முயற்சிகளுக்குப் பிறகு இன்டர்னலை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத் தேர்வை மட்டுமே முழு மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுவார்கள்.

தேர்வில் தோற்பது ஒன்று. வருகைப்பதிவு குறைந்து தேர்வே எழுத முடியாமல் போவது வேறொன்று. 75 சதவீத வருகை இருந்தால்தான் ஹால் டிக்கெட் வரும். சற்றுக் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் செலுத்தி, தேவைப்பட்டால் மருத்துவச் சான்றிதழும் வைத்து எழுதலாம். மிகவும் குறைந்துவிட்டால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். ரீடூ என்று கல்லூரிகளில் சொல்வது இதைத்தான். எந்த அளவுக்குக் கீழே போனால் ரீடூ என்ற வரம்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆம்பூரைச் சுற்றிய தோல் தொழில் வட்டாரத்தில் இந்த விதி கடுமையாகவே உறைக்கும். வீட்டு வருமானத்துக்காக ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் பையனுக்கோ, அறுவடை நாளில் நிலத்துக்குப் போகும் பெண்ணுக்கோ வருகைதான் முதலில் அடிபடும். அரியருக்கு அடுத்த செமஸ்டரிலேயே வழி இருக்கிறது. ரீடூவுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முழுதாகப் போய்விடும்.

தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் நடக்கின்றன. முடிவு வந்ததும் விடைத்தாளின் நகல் கேட்கலாம், ரீடோட்டலிங் அல்லது ரெவால்யூவேஷனுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டணமும் குறுகிய கெடு நாளும் உண்டு. கெடு தவறினால் அந்த வாய்ப்பு அவ்வளவுதான். அதன்பின் மிச்சமிருப்பது அடுத்த தேர்வுக் காலத்தில் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி மறுபடி எழுதுவது. இறுதி செமஸ்டரில் ஒரே தாளில் தோற்றவர்களுக்காக, மறு தேர்வுக் காலம் வரை காத்திருக்க வைக்காமல், உடனடித் தேர்வு நடத்தும் வழக்கமும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உண்டு. மேற்படிப்புச் சேர்க்கைக்கு முன்னால் பட்டம் கையில் வர அது உதவுகிறது.

அரியர் இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குப் போகத் தடையில்லை. வருகை சரியாக இருந்தால் ஐந்து தாள் நிலுவையோடும் மூன்றாம் ஆண்டில் உட்காரலாம். ஏழை மாணவர் படிப்பை விட்டு ஓடாமல் காப்பது இந்தத் தாராளம்தான். அந்த வகையில் இது நல்ல விதி. ஆனால் தாள்கள் குவிவதும் இதனால்தான். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குப் பகுதி 2 ஆங்கிலம் பெரிய தடையாகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மொழிப் பாடமான பகுதி 1இல் உருது எடுத்துப் படிப்பவர்களுக்கும் ஆங்கிலத் தாள் அதே தடைதான். சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி போன்ற பகுதி 4 தாள்களை யாரும் கவனித்துப் படிப்பதில்லை. பட்டத்துக்குத் தேவையான 140 கிரெடிட்டில் இவையும் சேர்த்தி. முதன்மைப் பாடத்தில் எல்லாம் தேறியும் இப்படி ஒரு சிறு தாளால் பட்டம் நின்றுபோவதுண்டு.

மற்ற இடங்களில் நடைமுறை வேறு. சென்னை ஐஐடியில் வருகை குறைந்தவர் அந்தப் பாடத்தை மறுபடி பதிவு செய்து, வகுப்பில் உட்கார்ந்து, அதன் தேர்வுகளை முதலிலிருந்து எழுத வேண்டும். வேலூர் விஐடியிலும் பாடத்தை மறுபதிவு செய்து படிக்கும் முறை இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடத்தைத் திரும்ப எடுப்பது என்றாலே வகுப்பைத் திரும்பப் படிப்பதுதான். பல இடங்களில் புதிய மதிப்பீடு பழையதற்குப் பதிலாகச் சராசரியில் சேரும். பிரிட்டனில் மறுதேர்வு உண்டு, ஆனால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டார்கள். நம் இணைவுக் கல்லூரிகளில் மறுபடி எழுதியவர் எடுத்த மதிப்பெண் முழுதாகவே கிடைக்கும், அது நியாயம். பாடம் மட்டும் மறுபடி கிடைக்காது. புரியாமல் தோற்றவர் அதே புரியாமையோடு, பழைய வினாத்தாள் தொகுப்பையும் கைடையும் நம்பி அடுத்த தேர்வுக்குப் போகிறார். கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகமும் தேர்வு அறை தரும் கல்லூரியும் அவருக்குப் பத்து மணி நேர வகுப்புகூடத் தருவதில்லை. நம் அரியர் விதிகளில் உள்ள பெரிய குறை இதுதான்.

இந்த முறையைக் கறாராக்க ஒருமுறை முயற்சி நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைப்படி, தோற்ற பாடத்தை உடனே அடுத்த செமஸ்டரில் எழுத முடியாது. அந்தப் பாடம் மறுபடி நடத்தப்படும் செமஸ்டர் வரை, அதாவது ஓராண்டு, காத்திருக்க வேண்டும். பாடத்தைப் படித்துவிட்டு எழுதட்டும் என்ற எண்ணம் தவறில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான இணைவுக் கல்லூரிகளில் அதற்கான வகுப்பு ஏற்பாடு இல்லாதபோது காத்திருப்பு மட்டுமே மிஞ்சியது. 2019 ஜனவரியில் பொறியியல் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பின்னர் விதி தளர்த்தப்பட்டது.

நேர்மாறான கதை 2020இல் நடந்தது. கொரோனா காலத்தில், ஆகஸ்ட் 26 அன்று, அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்திக் காத்திருந்தவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இறுதி செமஸ்டர் தேர்வுகளுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. மாநிலம் முழுக்கக் கொண்டாட்டம். அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்வே இல்லாமல் தேர்ச்சி தருவதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஏற்கவில்லை. 2021 ஏப்ரலில் நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்து, ஏதாவது ஒரு வகையில் தேர்வு நடத்தியாக வேண்டும் என்றது. எழுதாத தாளுக்கு வரும் தேர்ச்சி அந்த மாணவரின் பட்டத்தையே சந்தேகத்துக்குள்ளாக்கியிருக்கும். நீதிமன்றம் செய்தது சரி.

எத்தனை ஆண்டு வரை எழுதலாம்? படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு, தவிர்க்க முடியாத சூழலில் இன்னும் ஓராண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல். மூன்றாண்டுப் படிப்புக்கு அது ஐந்து அல்லது ஆறு ஆண்டாகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடைமுறையில் இதைவிட இளகிய மனத்தோடு நடந்துகொண்டிருக்கின்றன. கெடு முடிந்தவர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு. 2001-02 கல்வியாண்டு முதல் தாள் நிலுவை வைத்திருந்த பழைய மாணவர்களும் கூடுதலாக 5,000 ரூபாய் கட்டி எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் 2021இல் அறிவித்தது. இடையில் பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய திட்டப்படி சில முறைதான் தேர்வு நடக்கும். அதன்பின் புதிய திட்டத்தில் அதற்கு இணையான தாளை எழுத வேண்டும். வைத்திருந்த நோட்டும் கைடும் அப்போது பயன்படாது.

மறுபடி எழுதித் தேறியவருக்கும் 60 சதவீதம் இருந்தால் முதல் வகுப்பு கிடைக்கும். பல்கலைக்கழகத் தரவரிசையும் டிஸ்டிங்ஷனும் முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளிலும் தேறியவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு தாளிலும் தேறிய மாதமும் ஆண்டும் மதிப்பெண் பட்டியலில் அச்சாகும்; நேர்காணலில் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். இதைவிடப் பெரிய இழப்பு காலம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு அறிவிக்கை நாளன்று பட்டத் தகுதி இருக்க வேண்டும். ஒரு தாள் நிற்பதால் அந்த ஆண்டுக் குரூப் தேர்வும், பி.எட். சேர்க்கையும், முதுகலை இடமும் கைவிட்டுப் போகின்றன. மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் சேர்ந்தவருக்குத் தேர்வு நாளில் லீவு கேட்பதே பெரும் பாடு.

தேறிய தாளையே மதிப்பெண் உயர்த்த மறுபடி எழுதவும் சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் விதிமுறைகளில் இடமுண்டு. தியரித் தாளுக்கு மட்டும், ஒரு முறை மட்டும், குறிப்பிட்ட கெடுவுக்குள் எழுதலாம். மதிப்பெண் கூடினால் வகுப்பு நிர்ணயத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். குறைந்தால் பழையது நிற்கும். தரவரிசைக்கு இது செல்லாது.

இந்த விதிகளெல்லாம் மாணவர் சேர்ந்த ஆண்டின் விதிமுறைப்படியே பொருந்தும். அண்ணனுக்கு இருந்த விதி தம்பிக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. நிலுவைத் தாள் உள்ளவர்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு நேரில் போய்த் தங்கள் சேர்க்கை ஆண்டுக்கான விதிமுறையைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். கட்டணம் கட்டிய ரசீதையும் பழைய ஹால் டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். கல்லூரிகள் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் சனிக்கிழமைகளிலாவது அரியர் மாணவர்களுக்கு வகுப்பு நடத்த முன்வர வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தொடங்கலாம்.