640 மடங்கு பெரிய ஆபத்து, ஸ்லைடின் கடைசி வரியில்: நம் பிரசன்டேஷன்கள் எங்கே கோட்டை விடுகின்றன?

2003 ஜனவரி 16. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேருடன் கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. கிளம்பிய 82வது வினாடி வாக்கில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. இது ஆபத்தா, இல்லையா? விண்கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் கணக்குப் போட்டு, நாசா அதிகாரிகளுக்கு ஒரு பவர்பாயின்ட் காட்டினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடு பிற்பாடு பிரபலமானது. தலைப்பை அவசரமாகப் படித்தால், ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்பதுபோல இருக்கும். கீழே புள்ளிகள், புள்ளிக்குள் புள்ளிகள். அடியில், சின்ன எழுத்தில்தான் விஷயமே இருந்தது: மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், பழைய சோதனையில் பயன்படுத்தியதோ 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. அந்தச் சோதனை முடிவுகளை வைத்து இந்த மோதலைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லவே முடியாது. தலைப்பில் வந்திருக்க வேண்டிய வரி அது.

பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. 7 பேரும் இறந்தார்கள்.

ஸ்லைடுதான் அவர்களைக் கொன்றது என்று சொன்னால் அது மிகை. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதும் நடக்கவில்லை. நிர்வாகக் கோளாறுகள் நிறைய. ஆனால் ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, எட்வர்ட் டஃப்டி என்ற தகவல் வடிவமைப்பு நிபுணரின் அலசலோடு இந்த ஸ்லைடையும் எடுத்துப் போட்டது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் பழக்கத்தையே அது குறை சொன்னது.

ஏன் யாரும் கவனிப்பதில்லை?

நம்ம மீட்டிங்கில் உயிர் போகாதுதான். ஆனால் நடப்பது இதேதான். சொல்ல வேண்டியது 14வது ஸ்லைடில், மூன்றாவது புள்ளிக்குக் கீழே பதுங்கியிருக்கும். நாம் அங்கே போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் போனைக் கையில் எடுத்திருப்பார்.

அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. திரையில் எழுத்து தெரிந்தால் கண் தானாக வாசிக்கப் போய்விடும். வாசிப்பது பேச்சைவிட வேகம்; நீங்கள் இரண்டாவது புள்ளியில் இருக்கும்போது அவர்கள் ஐந்தாவதை முடித்திருப்பார்கள். ஒரு பக்கம் கண் வழியாகச் சொற்கள், இன்னொரு பக்கம் காது வழியாகச் சொற்கள். இரண்டையும் மூளையால் ஒரே நேரத்தில் பிடித்துவைக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டுவதும் இதைத்தான்: படமும் குரலும் மட்டும் இருந்தால் மக்களுக்கு நன்றாகப் புரிகிறது, பேசுவதையே திரையிலும் எழுதிக் காட்டினால் புரிவது குறைகிறது. கேட்பவருக்கு அந்த மொழி அவ்வளவாகப் பழக்கமில்லை என்றால் ஒன்றிரண்டு முக்கியச் சொற்கள் திரையில் இருக்கலாம். முழுப் பத்தி வேண்டாம்.

‘பாடி லாங்குவேஜ்தான் எல்லாம்’ என்பது உண்மையா?

சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புக்குப் போனவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டிருப்பீர்கள்: தகவல் தொடர்பில் 55% உடல்மொழி, 38% குரல், வெறும் 7% சொற்கள். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. அவர் பார்த்தது வேறு. ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை, சொல் ஒன்றும் முகம் வேறுமாக இருக்கும்போது, எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், சொற்கள் 7% தான் என்றால் ஜப்பானியப் படத்துக்கு சப்டைட்டில் எதற்கு? கையை எப்படி அசைப்பது என்று கண்ணாடி முன்னால் செலவழிக்கும் நேரத்தை, என்ன சொல்லப் போகிறோம் என்பதற்குக் கொடுக்கலாம்.

அப்போ என்னதான் பண்றது?

லேப்டாப்பைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி: நான் பேசி முடித்ததும் இவர்கள் எதைத் தீர்மானிக்க வேண்டும்? அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வரவில்லை என்றால் ஸ்லைடு போட இன்னும் நேரம் வரவில்லை. பதில் கிடைத்தால், அதுதான் உங்கள் முதல் வாக்கியம்; கடைசிக்கு வைத்திருக்கக் கூடாது. உதாரணத்துக்கு, ‘மூன்றாம் காலாண்டு விற்பனை நிலவரம்’ என்பது ஃபைலுக்கு வைக்கும் பெயர். ‘டெலிவரி தாமதத்தால்தான் கோவையில் ஆர்டர் குறைகிறது, இன்னொரு கிடங்கு வேண்டும்’ என்பது தலைப்பு. இப்படித் தலைப்பு வைத்தால் உங்களுக்கே பாதி ஸ்லைடுகள் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

எண்கள் நிறைய இருக்கிறதா? ஹான்ஸ் ரோஸ்லிங்கின் 2006 டெட் உரையைத் தேடிப் பாருங்கள். உலக மக்கள்தொகைப் புள்ளிவிவரம், கேட்கவே கொட்டாவி வரும் தலைப்பு. அவர் வரைபடத்தைக் காட்டியதும் ஓடவிடவில்லை. இந்த அச்சு என்ன, அந்த அச்சு என்ன, ஒவ்வொரு வட்டமும் எந்த நாடு என்று சொல்லிவிட்டுத்தான் நகர்த்துகிறார். அதன்பின் கிரிக்கெட் கமென்டரி மாதிரி பேசுகிறார். நாம் கிராஃபைப் போட்டதுமே ‘இதில் தெளிவாகத் தெரிவதுபோல’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரிந்திருக்காது.

விவரம் நிஜமாகவே அதிகம் என்றால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-ல் மூத்த அதிகாரிகள் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார். பதிலுக்கு, அதிகபட்சம் 6 பக்கத்துக்கு முழு வாக்கியங்களில் ஒரு குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. உங்கள் டீமில் பாஸ் இதற்குச் சம்மதிப்பாரா என்பது வேறு கதை. ஆனால் விவரங்களை முந்தின நாளே மெயிலில் அனுப்ப யார் அனுமதியும் வேண்டாம்.

இங்கிலீஷ் தடுமாறினால்?

பெங்களூருவிலோ புனேவிலோ வேலை பார்க்கும் நம்மாட்கள் பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இது. பயத்தில் முழு உரையையும் எழுதி மனப்பாடம் செய்கிறோம். நடுவில் ஒரு கேள்வி வந்தால் மொத்தமும் கலைந்துவிடுகிறது. மனப்பாடம் முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் கடைசி வாக்கியத்துக்கும் போதும். மீதியை முதலில் தமிழில், ரூம்மேட்டிடம் டீ குடித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ‘அதுக்கு என்ன இப்போ?’ என்று அவர் கேட்கும் இடம்தான் உங்கள் வாதம் பலவீனமாக இருக்கும் இடம். அதைச் சரிசெய்துவிட்டு இங்கிலீஷுக்குப் போங்கள், சின்னச் சின்ன வாக்கியங்களாக. வாய்விட்டு, மணி பார்த்து, இரண்டு முறையாவது.

மணி பார்ப்பதில் இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு 20 நிமிடம் என்பார்கள். முன்னால் பேசியவர் இழுத்துவிட்டால் மிஞ்சுவது 7 நிமிடம்தான். அப்போது வேகமாகப் பேசி எல்லா ஸ்லைடையும் ஓட்டுவதுதான் வழக்கம். அதற்குப் பதில், எந்த மூன்று ஸ்லைடு மட்டும் போதும் என்று முந்தின இரவே ஒரு துண்டுச் சீட்டில் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு ஷோ ஓடும்போது அந்த எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் பவர்பாயின்ட் நேராக அங்கே போய்விடும்.