வகுப்பறைக்கு வெளியே ஒரு கல்வி: பணம் கேட்டால் எச்சரிக்கை

ஐதராபாத்தின் தார்நாகா, கல்வி நிறுவனங்கள் சூழ்ந்த பகுதி. 1918இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அங்கு அருகருகே அமைந்துள்ளன. இத்தகைய சூழலில் கல்வி என்றாலே பட்டம் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆயினும், வகுப்பறைக்கு வர இயலாதோருக்காக நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கப்பட்டதும் இதே நகரில்தான்.

இன்று சமூக ஊடகத் திறன்களைப் பலர் எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேராமலே கற்கின்றனர். தெலங்கானாவின் லம்பாடிபள்ளி கிராமத்தில் 2012இல் தொடங்கிய 'மை வில்லேஜ் ஷோ' யூடியூப் அலைவரிசை இதற்குச் சான்று. அதில் நடித்துப் புகழ்பெற்ற கங்கவ்வா, பள்ளிப் படிப்பு இன்றி வயல் வேலை செய்துவந்தவர். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் அலைவரிசை ஆயிற்று.

பொருளைத் தேர்ந்தெடுத்தல், சுருங்கச் சொல்லுதல், ஒளியும் ஒலியும் தெளிவாக அமையப் பதிவுசெய்தல், வேண்டாதவற்றை நீக்குதல் ஆகியவையே இத்துறையின் அடிப்படைத் திறன்கள். காணொளியின் எந்த இடத்தில் பார்வையாளர்கள் விலகினர் என்பதை யூடியூப் தளமே படைப்பாளருக்குக் காட்டுகிறது. அதனைக் கண்டு அடுத்த காணொளியைத் திருத்துவதே பயிற்சி. முறையாகக் கற்க விரும்புவோருக்கு மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பல பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு.

விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது யூடியூபின் விதிகளுள் ஒன்று. அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இதனை நாம் நினைவில் கொள்வது அவசியம். ஏனெனில், இக்கனவைக் காட்டியே பலரின் சேமிப்பு பறிக்கப்படுகிறது.

காணொளிகளுக்கு 'லைக்' இட்டால் பணம் தருவதாகச் செய்தி வரும். முதலில் சிறு தொகையும் கணக்கில் சேரும். நம்பிக்கை பிறந்ததும், பெரிய வேலைக்கு முன்பணம் கேட்பார்கள். கட்டிய பணத்தை மீட்க, மேலும் கட்டச் சொல்வார்கள். வேறு சிலர், தாம் அனுப்பும் பணத்தை உங்கள் கணக்கில் பெற்று மற்றொருவருக்கு அனுப்பினால் தரகு தருவதாகக் கூறுவர். அது மோசடிப் பணமாயின், கணக்கு முடக்கப்படலாம். கணக்கு வைத்திருப்பவரே விசாரணைக்கு உள்ளாக நேரிடும்.

எனவே மூன்று நெறிகளைக் கடைப்பிடிப்போம். வேலை பெறுவதற்காக எவருக்கும் பணம் கட்டலாகாது. வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை, சிம் அட்டை ஆகியவற்றைப் பிறர் பயன்படுத்த அளிக்கலாகாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்டால் பணம் நம்மிடமிருந்து வெளியேறப் போகிறது என்று அறிக.

ஏமாற்றப்பட்டால் வெட்கத்தால் மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்கிற்கு மாறுமுன் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் உதவும். பிள்ளைகள் கைப்பேசியில் கற்பதைத் தடுக்க வேண்டியதில்லை. பணம் கேட்கும் செய்தி வந்தால் அதனை முதலில் வீட்டில் காட்டும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்போம்.