பைக்கா, பஸ்ஸா? கை ஏன் முதலில் சாவியைத் தேடுகிறது?

சாத்தூரில் ரயில் நிலையம் இருக்கிறது. சிவகாசியிலும் இருக்கிறது. ஆனால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேராக ரயிலில் போக முடியாது. சாத்தூர், விருதுநகர் - கோவில்பட்டி - திருநெல்வேலி பாதையில் வருகிறது. சிவகாசியோ, விருதுநகரில் பிரிந்து ராஜபாளையம், தென்காசி போகும் பாதையில் இருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்காக யாரும் விருதுநகர் போய் ரயில் மாறப் போவதில்லை. ஆக, அச்சகம், கடை, அலுவலகம் என்று தினமும் சிவகாசி போகிறவருக்கு மிஞ்சுவது ரோடுதான். பைக் அல்லது பஸ். (பட்டாசு ஆலை வேனில் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. வேன் வரும் நேரத்துக்கு முக்கில் நின்றால் சரி.)

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான். "பைக்குனா நினைச்ச நேரத்துக்குக் கிளம்பலாம்ல!"

பதிலில் தப்பில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மனதுக்கு ரொம்ப நீளம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் என்றுதான் போக்குவரத்துத் திட்டமிடுபவர்களே கணக்கு வைக்கிறார்கள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாவிட்டால் எரிச்சல் இன்னும் கூடும். தூரத்தில் ஒன்று வருவது தெரிந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டினால், அது ஊருக்குள் வராத பைபாஸ் ரைடராக இருக்கும். இப்படி இரண்டு தடவை ஏமாந்தவர், மூன்றாம் நாள் பைக்கை எடுத்துவிடுவார்.

பங்க்கில் கொடுத்தது மட்டும் செலவா?

பணக் கணக்கில்தான் மனசு நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. போக வர 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 80 ரூபாய். 25 நாள் வேலைக்கு 2,000 ரூபாய். பலர் இத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். வண்டியின் மாதத் தவணை, இன்ஷூரன்ஸ், ஆயில் சர்வீஸ், டயர், பிரேக் ஷூ எல்லாம் வேறு ஏதோ தலைப்பில் போய்விடும். பஸ்ஸிலோ தினமும் கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கிறோம். அதனால் அதுதான் செலவு போலத் தெரிகிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. ஜெர்மனியில் கார் வைத்திருப்பவர்களிடம் நடந்த ஆய்வு 2020-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. தங்கள் காருக்கு ஆகும் மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர்கள் சராசரியாகக் கணக்கில் வைத்திருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கணவனும் மனைவியும் ஒரே பைக்கில் ஒரே திசையில் வேலைக்குப் போனால் கணக்கே மாறும். இரண்டு டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பைக்குக்கு ஆகும் பெட்ரோல் அவ்வளவு அதிகமாகத் தெரியாது. அந்த வீட்டில் போய், "பஸ்ஸில் போங்கள்" என்று உபதேசம் செய்ய முடியாது.

ஹேண்டில் நம் கையில்

"பஸ்காரன் எப்படி ஓட்டுவானோ, நம்ம வண்டினா நம்ம கன்ட்ரோல்" என்பது அடுத்த வசனம். 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர், உங்கள் வண்டி ஓட்டும் திறமை எப்படி என்று மாணவர்களிடம் கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 சதவிகிதம் பேர், மற்றவர்களில் பாதிப் பேரைவிட நாங்கள் மேல் என்றார்கள். எல்லோருமே மேல் பாதியில் இருப்பது எப்படி என்பதைக் கணக்கு வாத்தியாரிடம்தான் கேட்க வேண்டும்.

உண்மை நிலவரம் வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவிகிதம் பேர் இரு சக்கர வாகனங்களில் வந்தவர்கள். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. சாத்தூர்க்காரர்களுக்கு நான்குவழிச் சாலை வாசல் மாதிரி. லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவே ராத்திரி எட்டு மணிக்கு பைக்கில் வருகிறவரின், "எல்லாம் என் கன்ட்ரோல்" என்ற நம்பிக்கை அவரோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் காத்திருப்பவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஹெல்மெட் போட்டாரா, கிளம்பிவிட்டாரா என்று இரண்டு தடவை போன் செய்வது அதனால்தான்.

பெண்களின் கணக்கு தனி

பைக்கா, பஸ்ஸா என்ற கேள்வியே வீட்டில் வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடைய கேள்விதான். சாவி கணவரிடமோ மகனிடமோ இருந்தால், ஆஸ்பத்திரிக்கும் இருக்கன்குடி கோயிலுக்கும் போக அவர்களுக்கு ஒழிய வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது மாறியது இதுவும்தான். இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பணத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. யாரிடமும் காசும் கேட்க வேண்டாம், கொண்டுவிடச் சொல்லவும் வேண்டாம். 10 ரூபாய் டிக்கெட் 5 ரூபாயாகக் குறைந்திருந்தால் இந்த மாற்றம் வந்திருக்குமா என்பது சந்தேகம். விலை பூஜ்ஜியம் ஆகும்போது மனித மனம் தனி வேகத்தில் சாய்கிறது என்பதை, டான் ஏரியலி குழுவினர் சாக்லேட்டை வைத்து நடத்திய சோதனையில் 2007-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சலுகை புறநகர்ப் பேருந்துகளுக்குக் கிடையாது. தூரத்து ஊருக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வழியில் நகரப் பேருந்து ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

பழக்கம் எப்போது உடையும்?

தினமும் போகும் வழியை நாம் தினமும் யோசித்துத் தேர்வு செய்வதில்லை. என்றைக்கோ ஒரு நாள் எடுத்த முடிவு அப்படியே ஓடுகிறது. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்து பல நிலையங்கள் மூடப்பட்டன. வேறு வழியில்லாமல் பயணிகள் புதுப் பாதை தேடினார்கள். வேலை நிறுத்தம் முடிந்த பிறகும் சுமார் 5 சதவிகிதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை. இத்தனை வருடங்களாக அதைவிட நல்ல வழி ஒன்று பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சாத்தூரில் அப்படி ஒரு வாய்ப்பு, பைக்கை சர்வீஸுக்கு விடும் நாளில் வருகிறது. அன்றைக்கு வேண்டாவெறுப்பாக ஏறும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கலாம், அரை மணி நேரம் கண்ணயரலாம், கிடைக்காமல் கம்பியைப் பிடித்தபடி நசுங்கியும் போகலாம். ஒரே நாளை வைத்து முடிவு செய்யாமல், ஒரு வாரம் இரண்டு செலவையும் போன் நோட்ஸில் குறித்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும்.

தீபாவளி நேரத்தில் மட்டும் இந்த யோசனையே வேண்டாம். சிவகாசியில் வாங்கிய பட்டாசுப் பெட்டியோடு பஸ்ஸிலும் ஏறக் கூடாது, ரயிலிலும் ஏறக் கூடாது. ரயிலில் பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு ரயில்வே சட்டத்தில் இடமிருக்கிறது.