சின்னசேலம் – கள்ளக்குறிச்சி ரயில் பாதை: தண்டவாளம் போட்டால் மட்டும் போதுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ரயில் புதிதல்ல. விழுப்புரம் – திருச்சி தடம் உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிறது. விழுப்புரம் – காட்பாடிப் பாதை திருக்கோவிலூரை ஒட்டிச் செல்கிறது. விருத்தாசலம் – சேலம் பாதையில் சின்னசேலம் இருக்கிறது. ஆனால் கள்ளக்குறிச்சி நகரத்துக்கு மட்டும் ரயில் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும், மாவட்டத் தலைநகரத்து மக்கள் ரயிலேறப் பேருந்து பிடித்துச் சின்னசேலம் போனார்கள். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் சுமார் 16 கி.மீ. நீளமுள்ள சின்னசேலம் – கள்ளக்குறிச்சி அகலப்பாதைத் திட்டம்.

ஏன் இவ்வளவு இழுத்தடிப்பு?

திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2006-07இல். சிறிய பாதைதான், ஆனாலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காரணம், கிளைப்பாதைகளை ரயில்வே பார்க்கும் விதம். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு எவ்வளவு திரும்பும் என்று கணக்குப் பார்த்துத்தான் புதிய பாதையைக் கையில் எடுப்பார்கள். நெடுங்காலம் 14 விழுக்காடு என்பதே அளவுகோலாக இருந்தது. கிராமப்புறக் கிளைப்பாதைகளில் பெரும்பாலானவை அதைத் தொட்டதில்லை. அதனால் அறிவிப்பு வரும், பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதற்குள் நிலத்தின் விலையும் ஜல்லி, இரும்பின் விலையும் ஏறிவிடும். மதிப்பீட்டைத் திருத்தி மறுபடியும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

மலைக்கு என்ன லாபம்?

இந்த மாவட்டத்துக் கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். அங்கும் அடிவாரத்திலும் மரவள்ளி முக்கியப் பயிர். பிடுங்கிய கிழங்கை வைத்திருக்க முடியாது. சில நாளில் கெட்டுப்போகும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தைச் சோதித்து, ‘பாயிண்ட்’ கணக்கில்தான் விலை போடுகிறார்கள். தாமதமானால் நட்டம் விவசாயிக்கு. எனவே கிழங்கு லாரியில்தான் போகும். ஆனால் அதிலிருந்து வரும் ஜவ்வரிசி மூட்டை மூட்டையாக மகாராஷ்டிரம், குஜராத் என்று வடக்கே நெடுந்தூரம் போகிறது. இந்த வட்டாரத்து நெல், அரிசிக்கும் வெளிச்சந்தை உண்டு. மூட்டை ஏற்றி இறக்கச் சரக்குக் கொட்டகையும், லாரி வந்து திரும்ப இடமும் இருந்தால்தான் இந்தச் சரக்கு ரயிலுக்கு வரும்.

இன்னொன்று, கூலி வேலை. மலைக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகின்றன. அங்கெல்லாம் போக ரயிலேறும் இடம் சேலம் சந்திப்பு. ஆகவே கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு ரயில் கேட்பது எவ்வளவு நியாயமோ, சேலத்துக்குக் காலை, மாலை ரயில் கேட்பதும் அவ்வளவு நியாயம்.

போடி சொல்லும் பாடம்

மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை, சுமார் 90 கி.மீ., 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் திரும்பியது. அரைகுறை நிதியின் விலை பத்தாண்டுக்கு மேலான காத்திருப்பு. ஆனால் போடிக்கு ரயில் திரும்பியபோதே சென்னை ரயிலையும் அங்குவரை நீட்டினார்கள். பாதையோடு ரயிலையும் சேர்த்துத் திட்டமிட்டால் கடைக்கோடி ஊரும் தலைநகரோடு இணையும் என்பதற்கு அது சாட்சி.

இனி எங்கே முதலீடு?

முதலாவது, மக்களுக்கு உதவும் நேரத்தில் ரயில். சென்னை எழும்பூர் – சேலம் இரவு ரயில் சின்னசேலம் வழியாகத்தான் போகிறது. அதற்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து இணைப்பு ரயில் வேண்டும்.

இரண்டாவது, பேருந்து. வெள்ளிமலை, கச்சிராயபாளையம், சங்கராபுரம் பேருந்துகள் ரயில் நேரத்தை ஒட்டி நிலைய வாசலுக்கே வர வேண்டும். இதற்குப் பெரும் செலவில்லை. ரயில்வேயும் மாநிலப் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசினால் முடியும்.

மூன்றாவது, நீட்டிப்பு. கள்ளக்குறிச்சியோடு நிற்காமல் சங்கராபுரம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போனால், சேலமும் திருவண்ணாமலையும் நேரடியாக இணையும். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் ஒன்றே அந்தத் தடத்தின் தேவையைச் சொல்லும்.

கிளைப்பாதையின் பயன் டிக்கெட் வசூலில் மட்டும் இல்லை. ஊரில் இருந்தபடியே சேலத்துக் கல்லூரிக்குப் போய்வரும் மாணவியும், குறைந்த செலவில் பெரிய மருத்துவமனைக்குப் போகும் முதியவரும் அந்தப் பயனில் சேர்த்தி. மத்திய அரசும் மாநில அரசும் நிதியைப் பங்கு போட்டு, ரயில், பேருந்து, சரக்குக் கொட்டகை மூன்றையும் ஒரே திட்டமாக எடுக்க வேண்டும். மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றி இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.