பேனா கேட்டால் துன்பம் வரும்!

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரில், கியர்பாக்ஸ் செய்யும் இத்தாலியத் தொழிற்சாலை ஒன்று உண்டு. 1956-இல் பொலோஞாவில் தோன்றிய நிறுவனம் அது. அதன் பெயரை ஆங்கில வழக்கில் கூட்டிப் படித்தால் ‘போன்ஃபிக்லியோலி’ என்று வரும். இத்தாலியரோ ‘போன்ஃபில்யோலி’ என்பர். நடுவிலுள்ள ககர ஒலி அவர்கள் நாவில் எழுவதில்லை.

ஒரகடம் வரை நீளும் இவ்வட்டாரத்தில் கொரிய, ஜப்பானிய மொழிகளுக்குள்ள தேவை இத்தாலியத்திற்கு இல்லைதான். ஆயினும் பொறியியல் பயின்ற இளைஞரும், உயர்கல்விக்காக உரோமை செல்லும் குருக்களும் கன்னியரும், அந்நாட்டில் குடியேறிய நம்மவரும் அதைக் கற்கின்றனர். வணக்கம், நலம், எண்கள் என்னும் அளவில் எல்லாம் இனிதே செல்லும். இடைநிலையில்தான் பலர் சோர்கின்றனர். ஆனால் அந்நிலையே பலன் தருவது. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தாலியக் குடியுரிமை கோருவோர், சில விலக்குகள் நீங்கலாக, பி-1 என்னும் இடைநிலைத் தேர்ச்சியைக் காட்டவேண்டும்.

சோர்வுக்கு ஒரு காரணம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியே கற்பதாகும். தமிழைத் துணைக்கு அழைத்துப் பாருங்கள்! ‘பார்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’. ‘பார்லி’ என்றால் ‘பேசுகிறாய்’. நமது வினைமுற்றைப் போலவே விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. நான், நீ எனத் தனியே சொல்லவேண்டியதில்லை. ‘கொனொஷேவோ’ என்பது ஒருவரை முன்பே தெரிந்திருந்ததைக் குறிக்கும். ‘ஓ கொனொஷூதோ’ என்பது அவர் அறிமுகமானதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் மயங்கவைக்கும் இவ்வேறுபாடு நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது.

ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பழக்கமானதே. ‘காஸா’ வீடு, ‘காஸ்ஸா’ பெட்டி. ‘பென்னா’ என்பது எழுதுகோல். ‘பேனா’ என்பதோ துன்பம், தண்டனை! கடைக்காரரிடம் நம்மூர்ப் பேனாவைக் கேட்டால் அவர் திகைப்பார்.

இப்பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர், 1680-இல் இத்தாலியின் கஸ்திலியோனேயில் பிறந்த வீரமாமுனிவர். பேசத் தெரிந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இலக்கணம் எழுதினார். 1732-இல் சதுரகராதியைத் தந்தார். எகர ஒகரங்களின் குறில் நெடிலை எழுத்தில் பிரித்துக்காட்டியவரும் அவரே.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘அவர் வருகிறார்’ என்பதற்கு ‘வியேனே’. ‘அவர் வருகிறார் என்று நினைக்கிறேன்’ என்னும்போதோ அதே வினை ‘வேங்கா’ என்று உருமாறும். நினைப்பு, ஐயம், விருப்பம் ஆகியவற்றின் பின்னே வினை வேடம் மாறுவது நமக்குப் புதிது. விதியை மனப்பாடம் செய்வதால் மட்டும் இது நாவில் படியாது. நாள்தோறும் ‘நினைக்கிறேன்’ என்று தொடங்கி ஐந்து வாக்கியங்கள் எழுதி, உரக்கப் படிப்பதே நாம் பரிந்துரைக்கும் வழி.