மின்சார பஸ்களும் எண்ணூர்ச் சாம்பலும்

2025-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டதைச் சென்னைவாசிகள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். நாமும் வரவேற்கிறோம். டீஸல் எஞ்சின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியில் பெரும்பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின்சார மோட்டாரில் அத்தகைய விரயம் சொற்பமே. பஸ்ஸுக்காக வீதியோரம் காத்து நிற்கும் ஏழையின் மூச்சில் கரும்புகை கலவாதிருப்பது சாமானிய லாபமன்று.

ஆனால் மின்சார வண்டியை ஏதோ புதிய அற்புதமென்று சிலர் பேசுவதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பே வருகிறது. 1895-லேயே இந்நகரில் மின்சார டிராம் ஓடிற்று. லண்டன் வீதிகளில் அப்போது பெரும்பாலும் குதிரைகளே டிராம்களை இழுத்துக்கொண்டிருந்தன! 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்தது. டிராம் கம்பெனியோ நஷ்டத்தில் மூழ்கி 1953-ல் மறைந்தது. அக்காலத்தில் நகருக்கு மின்சாரம் அளித்த பேஸின் பிரிட்ஜ் நிலையம் நிலக்கரியைத்தான் எரித்தது என்பதை இங்கே நினைவூட்டுவது அவசியமாகிறது.

ஏனெனில் இன்றும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. வியாசர்பாடிக்கு வடக்கே சில மைல் தூரத்தில் அத்திப்பட்டு அனல் மின்நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து மீன்வளத்தைக் கெடுத்துவிட்டதென்று காட்டுக்குப்பம் முதலிய குப்பங்களின் மீனவர் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். நகரத்தின் நடுவில் புகை குறைவதற்கான விலையை எண்ணூர் ஜனங்கள் செலுத்துவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. சூரியன் தருவது பகலில். பஸ்களுக்கு மின்னேற்ற வசதியான நேரமோ இரவு. முரண்பாடு இங்கேதான். காலை நெரிசல் தணிந்தபின் மாலை நெரிசல் தொடங்கும்வரை பஸ்களைப் பகுதி பகுதியாகப் பணிமனைக்கு அழைத்து, நண்பகலில் மின்னேற்றினால் என்ன? பணிமனைக் கூரைகளும் வெயிலில் வீணாகக் காய வேண்டியதில்லையே. காற்று மிகுந்த ஆனி, ஆடி மாதங்களில் இரவு மின்னேற்றத்திலும் தோஷமில்லை.

ஆகவே, ஒவ்வொரு பணிமனையும் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் பெறுகிறது, அதில் நிலக்கரியின் பங்கு என்ன என்ற கணக்கை மாதந்தோறும் பிரசுரிக்குமாறு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தையும் மின்சார இலாகாவையும் கேட்டுக்கொள்கிறோம். முதல் பிரதியை எண்ணூர்க் குப்பங்களுக்கு அனுப்பட்டும்.